மாவுக்கட்டுக்குக் கைதட்டலாமா?

பொழுது சாயும் வேளை. வெங்காயக் காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த உழைப்பாளித் தாய் ஒருத்தி, கூலிப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் நோக்கி நடக்கிறாள். பின்னால் ஒரு வண்டி வருகிறது. வழி கேட்பதுபோல் நிற்கிறது. முன்னால் இருப்பவன் பேச்சுக் கொடுக்க, பின்னால் இருப்பவன் கை நீட்ட, கழுத்திலே இருந்த கொடி அறுந்து, கழுத்தும் அறுந்து, அவள் மண்ணிலே விழுகிறாள். வண்டி பறந்துவிடுகிறது. எழுந்து பார்க்கிறாள்; புழுதிதான் தெரிகிறது.

பெரம்பலூர் மாவட்டத்திலே சென்னை-திருச்சி நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் இருப்போருக்கும், அரியலூரிலே சிமெண்டு லாரிகள் ஓடும் சாலைகளில் பழகியோருக்கும் இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. போனது வெறும் பொன்னா? 2025-ஆம் ஆண்டிலே ஒரு சவரன் எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. நாலு சவரன் என்றால் ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு அதுதான் வங்கி, அதுதான் காப்பீடு, மகளின் கல்லூரிக் கட்டணமும் அதுதான். வண்டியிலே வந்தவன் அறுத்துக்கொண்டு போனது ஒரு வாழ்நாள் சேமிப்பை!

ஆகவே, "பிடித்தார்கள், கையை ஒடித்தார்கள்" என்று பத்திரிகையிலே படம் வருகிறபோது, மாவுக்கட்டோடு ஒருவன் உட்கார்ந்திருக்கக் காணும்போது, தேநீர்க் கடையிலே கூடியிருப்போர் கைதட்டுகிறார்கள். "இன்னொரு கையையும் ஒடித்திருக்க வேண்டும்" என்கிறார் ஒருவர். "சுட்டுத் தள்ளியிருந்தால் தொல்லை விட்டது" என்கிறார் இன்னொருவர். கைதட்டுவோர் கல்நெஞ்சர் அல்லர். கழுத்தறுபட்ட தாயின் மக்கள். தங்கையை வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலிலே காத்து நிற்கும் அண்ணன்மார். நம் கழகத் தோழர்களும் அவர்களிலே உண்டு. அந்தக் கோபத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். கோபம் நியாயமானது. ஆனால் நியாயமான கோபம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

ஏனெனில், அடி என்றால் என்னவென்று ஏட்டிலே படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல நாம்!

1953-ஆம் ஆண்டு ஜூலை 15. அரியலூருக்கு அண்டையிலே இருக்கும் கல்லக்குடியின் பெயரை மீட்கத் தண்டவாளத்திலே தலைவைத்துப் படுத்தார் கலைஞர். அந்தப் போராட்டத்திலே துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. 1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலையின்போது, சென்னை மத்திய சிறையிலே கழகத் தோழர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையிலே உடல் நலிந்த சிட்டிபாபு 1977-ஆம் ஆண்டு சனவரியிலே மறைந்தார். நீதிபதி இஸ்மாயில் தலைமையில் அமைந்த ஆணையம் அந்தச் சிறைக் கொடுமைகளை விசாரித்தது. அன்று தடி ஏந்தியவர்களும் "இவர்கள் குற்றவாளிகள்" என்றுதான் சொன்னார்கள். அன்றும் சிலர் கைதட்டியிருக்கக்கூடும்!

"அவர்கள் கொள்கைக்காக அடிபட்டவர்கள், இவன் கொள்ளையடித்தவன். இரண்டும் ஒன்றா?" என்று தோழர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒன்றல்ல. ஒப்பிடவும் இல்லை. நாம் பேசுவது அடிபட்டவனைப் பற்றி அல்ல, தடியைப் பற்றி. பூட்டிய அறைக்குள்ளே சுழலும் தடிக்குக் கொள்கைக்காரன், கொள்ளைக்காரன் என்று பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது. கள்வன் என்று நினைத்துத்தான் அது ஓங்கும். விழுந்த பிறகுதான் அவன் கள்வனா அல்லவா என்று ஊருக்குத் தெரியும்.

இந்த உண்மைக்குத் தமிழனிடம் சான்று கேட்க வேண்டுமா? கோவலன் கதை தெரியாத தமிழன் உண்டா? அதுவும் நகைத் திருட்டு வழக்குத்தானே! பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், விசாரணை இல்லை, வாதம் இல்லை, வாள் பாய்ந்தது. சிலம்பை உண்மையிலே திருடிய பொற்கொல்லன் அரண்மனையிலே நிமிர்ந்து நின்றான். திருடாத கோவலன் தெருவிலே துண்டானான். அன்றைய மதுரையிலும் "கள்வன் ஒழிந்தான்" என்று கைதட்டியோர் இருந்திருப்பார்கள். கண்ணகி வந்து கேட்ட பிறகுதான் அவர்களுக்கு உண்மை தெரிந்தது.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் மாவட்டத்து மண்ணே சாட்சி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1993-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். விருத்தாசலத்தை அடுத்த முதனை ஊரிலே நகை காணாமற்போனது. குறவர் குலத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு மீது சந்தேகம். கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடித்தே கொன்றார்கள். பிறகு "தப்பி ஓடிவிட்டான்" என்றார்கள். அவருடைய உடல் கிடந்தது எங்கே? மாவட்ட எல்லை தாண்டி, இன்றைய அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிப் பக்கத்திலே! எழுத்தறியாத அவர் மனைவி விடவில்லை. வழக்கறிஞராக இருந்த சந்துரு துணை நின்றார். பல ஆண்டுகள் நடந்த வழக்கின் முடிவிலே காவலர்கள் தண்டனை பெற்றார்கள். 2021-இல் "ஜெய் பீம்" என்று திரைக்கு வந்தபோது தமிழகமே அழுதது. திரையிலே பார்த்து அழுதவர்கள், தெருவிலே பார்த்துச் சிரிக்கலாமா?

இன்னும் அண்மைக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்கள், சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்திலே கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்சும் அடுத்தடுத்துப் பிணமானார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்கள். திருப்புவனத்தை அடுத்த மடப்புரம். காரிலே இருந்த நகை காணவில்லை என்று புகார். கோயில் காவலாளியான இளைஞரை விசாரித்தார்கள். 28-ஆம் நாள் அவர் உயிரோடு இல்லை. உடலிலே 44 காயங்கள்! முதல் தகவல் அறிக்கைகூடப் பதியாமல் தனிப்படை விசாரித்தது எப்படி என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது.

அது நம் ஆட்சியிலே நடந்தது. அதற்காக மூடி மறைக்கலாமா? மறைக்கமாட்டோம். முதலமைச்சர் பொறுப்பில் இருந்த மு.க.ஸ்டாலின் அவர்கள் அந்தத் தாயிடம் தொலைபேசியிலே வருத்தம் தெரிவித்தார். காவலர்கள் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. செய்யவேண்டியதைச் செய்தார்கள். ஆனால் செய்யக்கூடாதது முதலிலே நடந்துவிட்டதே! எதிர்க்கட்சி ஆண்டபோது சாத்தான்குளத்துக்காகக் கொதித்த நாம், மடப்புரத்துக்காகவும் கொதித்தால்தான் நம் கொதிப்பு கொள்கை ஆகும். இல்லையேல் அது வெறும் கட்சிக் கணக்கு.

சரி, வண்டியிலே பறக்கும் திருடனை என்ன செய்வது? கும்பிட்டு வழியனுப்புவதா?

இல்லை! இங்கேதான் தோழர்கள் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஓடுகிறவனை மடக்கும் பலம் ஒன்று. பிடிபட்டவனை அடிக்கும் பலம் வேறொன்று. முன்னது காவல், பின்னது பழி. முன்னதற்கு நாம் துணை நிற்போம். பின்னதற்குக் கைதட்டமாட்டோம்.

இலண்டன் மாநகரிலே என்ன நடந்தது என்று பாருங்கள். 2017, 2018-ஆம் ஆண்டுகளிலே அங்கே மொபெட்டுகளில் வந்து கைப்பேசி பறிப்பது பெருந்தொல்லையாக வளர்ந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். துரத்தினால் விழுந்து செத்துவிடுவான், நம்மீது பழி வரும் என்று காவலர் தயங்குவார்கள் எனக் கணக்குப் போட்டவர்கள். கடைசியிலே காவல் வண்டியாலேயே அவர்களை இடித்து நிறுத்தத் தொடங்கினார்கள். அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள். இடித்த படங்களை 2018 நவம்பரிலே காவல்துறையே வெளியிட்டது. பிரதமர் தெரசா மே ஆதரித்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த டயான் அபாட் ஆபத்து என்று எச்சரித்தார். பொதுமக்களிலே பெரும்பாலோர் பாராட்டினார்கள். அவ்வகைக் குற்றம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று காவல்துறை சொல்லிற்று.

அதிலே நாம் கவனிக்கவேண்டியது என்ன? அவர்கள் செய்தது நடுத்தெருவிலே, பட்டப்பகலிலே, படக்கருவி முன்னே! இடித்த ஓட்டுநரும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதோடு நிற்கவில்லை, விரைவாகச் செல்லும் வண்டிகள் வாங்கினார்கள், திருடன்மீது அழியாத மை தெளித்து அடையாளம் வைத்தார்கள், வண்டியைப் பூட்டி வைக்க மக்களுக்குப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் செய்த எல்லாமே சரி என்று நாம் சான்றிதழ் தரவில்லை. ஆனால் அது ஓடுகிறவனை மடக்கிய கதை. நம் ஊர்க் கதையோ வேறு. பிடித்தாகிவிட்டது, கையிலே விலங்கு மாட்டியாகிவிட்டது, நிலையத்துக்குள்ளே கொண்டுபோயாகிவிட்டது. பிறகுதான் அவன் "குளியலறையிலே வழுக்கி" விழுகிறான்! அடேயப்பா, எத்தனை குளியலறை, எத்தனை வழுக்கல்! குற்றம் சாட்டப்பட்டவன் மட்டும்தான் வழுக்கி விழுவானா, காவலர்கள் விழமாட்டார்களா என்று 2025-ஆம் ஆண்டிலே சென்னை உயர்நீதிமன்றமே கேட்டுவிட்டது. நீதிமன்றம் நம்பாத கதையை நாம் மட்டும் சிரித்துக்கொண்டே நம்புவதுபோல் நடிப்பானேன்?

2025 மார்ச்சு 25. சென்னையிலே ஒரே காலைப்பொழுதில் பல இடங்களில் அடுத்தடுத்துச் சங்கிலி பறிப்பு. வடநாட்டிலிருந்து வானூர்தியிலே வந்து, பறித்துவிட்டு வானூர்தியிலேயே திரும்பத் திட்டமிட்டவர்கள். காவல்துறை என்ன செய்தது? தெருக்களின் படப்பதிவுகளைப் பார்த்து, ஆளை அடையாளம் கண்டு, விமான நிலையத்துக்குச் செய்தி அனுப்பி, புறப்படும் நேரத்திலே இருவரைப் பிடித்தது. இன்னொருவனை ஓங்கோலிலே இரயிலில் பிடித்தார்கள். சில மணி நேரத்திலே! ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஒரு கை ஒடியவில்லை. அந்தத் திறமைக்கு நாம் எழுந்து நின்று கைதட்டுகிறோம். அதே ஆட்களில் ஒருவன் மறுநாள் விடிவதற்குள் தரமணியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் அவன் சுட்டான், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை காவலருக்கும் உண்டு, மறுக்கவில்லை. நாம் கேட்பது இதுதான்: ஊரின் பேச்சு எதைப் பற்றி இருந்தது? சில மணி நேரத்திலே பிடித்த மூளையைப் பற்றியா, விடியற்காலையிலே பாய்ந்த குண்டைப் பற்றியா? குண்டைப் பற்றித்தான்! அறிவுக்குக் கிடைக்கவேண்டிய மாலை துப்பாக்கிக்குப் போய்ச் சேர்ந்தது.

"சட்டத்திலே வலு இல்லை, அதனால்தான் அடிக்கிறார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. பொய்! வாயிலே நுழையாத வடமொழிப் பெயரைச் சூட்டிக்கொண்டு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலே, பறிப்பு என்பது 304-ஆம் பிரிவில் தனிக் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. வழிப்பறி ஆனால் பத்தாண்டு வரை. இரவிலே நெடுஞ்சாலையில் செய்தால் பதினான்கு ஆண்டு வரை. வழிப்பறியின்போது காயப்படுத்தினால் ஆயுள் தண்டனைகூட உண்டு. இது வலு இல்லையா? அதே சமயம், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவனைக் கைது செய்கையிலே, அவன் உயிரைப் போக்க உரிமை இல்லை என்பதும் சட்டம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கும் விதி அது. அடிமை நாட்டுக்கு அந்நியன் எழுதிய சட்டத்திலே இருந்த வரம்பு, விடுதலை பெற்ற நாட்டிலே வேண்டாம் என்கிறோமா?

கைதட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் வரலாறு உண்டு. பீகார் மாநிலம் பகல்பூரிலே, 1979-80-இல், முப்பதுக்கு மேற்பட்டோரின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிக் குருடாக்கியது காவல்துறை. நாடு அதிர்ந்தது, ஆனால் அந்த ஊரார் காவலர்களுக்கு ஆதரவாகவே கிளம்பினார்கள்! 2019 டிசம்பர் 6, ஐதராபாத்து அருகே பெண் மருத்துவர் கொலையிலே பிடிபட்ட நால்வரைச் சுட்டுக் கொன்றபோது காவலர்மீது பூமாரி பொழிந்தார்கள். 2022-இல் உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் எண்ணத்தோடுதான் சுட்டார்கள் என்றது அது. தூவிய பூவை யார் திரும்ப அள்ளுவது?

இன்னொன்றையும் கூர்ந்து பாருங்கள், உழைக்கும் தோழர்களே! மாவுக்கட்டு யார் கையிலே? வங்கிகளுக்கு ஏறத்தாழ 9,000 கோடி பாக்கி வைத்துவிட்டு 2016-இல் வெளிநாடு போன விஜய் மல்லையா எந்தக் குளியலறையிலாவது வழுக்கினாரா? 2018-இல் போன நீரவ் மோடிக்கு யாராவது மாவுக்கட்டு போட்டார்களா? நான்கு சவரன் பறித்தவனுக்குத் தடி. நாட்டையே பறித்தவனுக்கு வானூர்தி! பறித்த சங்கிலியைப் பாதி விலைக்கு வாங்கி ஒரு மணி நேரத்திலே உருக்கிவிடுகிறானே, அந்த வாங்குகிறவனின் கை என்றைக்காவது ஒடிந்ததா? வாங்குகிறவன் இல்லாவிட்டால் பறிக்கிறவன் ஏது? இன்றைய பொற்கொல்லன் அவன்தான். அடித்து வாயை உடைத்துவிட்டால் அவன் பெயரை யார் சொல்வது?

அடிக்கும் காவலரும் நம் வீட்டுப் பிள்ளையே. ஏட்டும் காவலரும் குடியானவன் வீட்டிலே, தொழிலாளி வீட்டிலே பிறந்தவர்கள். "கவனி" என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்வார், எழுத்திலே இராது. உயிர் போய்விட்டால் கூண்டிலே நிற்பவர் யார்? மடப்புரத்திலே முதலிலே கைதானவர்கள் கீழ்நிலைக் காவலர்கள்தானே! நம் கைதட்டு அந்தப் பிள்ளைகளையும் படுகுழிக்கு அனுப்புகிறது.

ஆகவே, கைதட்டுவதற்குப் பதிலாக என்ன கேட்க வேண்டும்? பட்டியல் நம்மிடம் உண்டு.

புகார் கொடுத்த அந்த நிமிடமே முதல் தகவல் அறிக்கை வேண்டும். "நாளை வா" என்பதும், "காணாமற்போனது என்று எழுதிக்கொடு" என்பதும் ஒழிய வேண்டும். கைது செய்யத்தக்க குற்றத்திலே பதிவு கட்டாயம் என்று 2013-லேயே உச்சநீதிமன்றத்தின் அரசமைப்பு ஆயம் சொல்லிவிட்டது. பெண்கள் வேலைக்குப் போகும் விடியலிலும், திரும்பும் மாலையிலும் கிராமச் சாலைகளிலே ரோந்து வேண்டும். விளக்கு எரிய வேண்டும். திறப்பு விழாவோடு கண்மூடிவிடாத படக்கருவி வேண்டும். திருட்டு நகை வாங்குவோர்மீது வழக்கு வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுக்காத விசாரணை வேண்டும். காவலருக்கு ஓய்வு வேண்டும். 2021-இல் பிறந்த வார விடுப்பு ஆணை ஒவ்வொரு நிலையத்திலும் உயிரோடு இருக்க வேண்டும். நிலையம் முழுதும் படக்கருவி வைத்துப் பதிவைக் காக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-இல் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையும் நடைமுறைக்கு வர வேண்டும். படக்கருவி தெருவிலே திருடனைப் பார்க்கலாம், நிலையத்துக்குள்ளே காவலரைப் பார்க்கக்கூடாது என்றால், அது என்ன நீதி?

ஒன்றியத் தோழர்களும் கிளைத் தோழர்களும் செய்யத்தக்க வேலை இது. சங்கிலி பறிகொடுத்த தாயைக் கைப்பிடித்து நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அறிக்கையின் நகலை வாங்கித் தாருங்கள். வழக்கு முடியும்வரை உடன் நில்லுங்கள். மாவுக்கட்டுப் படத்தைக் கைப்பேசியிலே பரப்புவதைவிட ஆயிரம் மடங்கு பயன் அதிலே உண்டு. ஒடிந்த கையால் அவளுடைய சங்கிலி திரும்பிவராது; ஒழுங்காக நடந்த வழக்கால்தான் வரும்.

கடைசியாக ஒன்று. 1956 நவம்பர் 23. அரியலூரை அடுத்த மருதையாற்றிலே பாலம் உடைந்து இரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரயிலை ஓட்டியவரல்லர், பாலத்தைக் கட்டியவருமல்லர் லால் பகதூர் சாஸ்திரி. எனினும் இரயில்வே அமைச்சராக இருந்த அவர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் கட்சி வேறு, நம் கட்சி வேறு. ஆயினும் அந்தப் பண்பை மதிக்கிறோம். சிலம்பின் உண்மை தெரிந்ததும் பாண்டியன் அரியணையிலிருந்து சாய்ந்து உயிர்விட்டானே, அதே பண்பு அது. தவறு நடந்தால் "என் தவறு" என்று சொல்லும் அரசு இருந்த மண் இது. "வழுக்கி விழுந்தான்" என்று சொல்லும் அரசு நமக்கு வேண்டாம்.

மொழிக்காக 1964-இல் தன்னையே தீக்கு ஈந்த கீழப்பழுவூர் சின்னச்சாமியைத் தந்த மாவட்டம் அரியலூர். அந்த மண்ணின் மக்கள் கை கோழையின் கை அல்ல. கைது செய்த காவலனுக்கு அந்தக் கை மாலை சூட்டட்டும். கழுத்தறுபட்ட தாயை அந்தக் கை தூக்கி நிறுத்தட்டும். கட்டிப்போட்டு அடிப்பவனுக்கு மட்டும் அந்தக் கை தட்டாதிருக்கட்டும்!